என் பெயரில் ஒரு வேலி

காணியை நேரில் பார்ப்பதற்கு முன்பு குறைந்தது இருபது தடவையாவது அதைக் கைபேசியில் பார்த்திருப்பேன். ஒரு பக்கம் உப்புநீர் தேங்கும் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே வெள்ளை மணலில் ஏழெட்டுத் தென்னைகள். டென்மார்க்கில், மாசி மாதக் குளிரில், முதியோர் இல்லத்துக் குசினியில் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு அவித்துவிட்டு வந்து, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு அந்த வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் அங்கே ஒரு வீடு கட்டத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதை மறைத்து எழுதப் போவதில்லை.

காணி திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவையும் சுற்றிக்கொண்டு போனால், இலங்கைத்துறைப் பக்கம் இருந்தது. அதைப் பிடித்துக் கொடுத்தவர் ரமணன். என் கணவருடைய சித்தப்பா மகன், திருகோணமலை நகரத்தில் காணித் தரகு செய்கிறவர். என் கணவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விமானத்தில் அவ்வளவு நேரம் இருக்க முடியாது. போதாததற்கு, அவருடைய பெயரில் மண் நிலைக்காது, மனைவி பெயரில் வாங்குங்கள் என்று ஒரு சாத்திரக்காரரும் சொல்லியிருந்தார். ஆகவே காணி உறுதியில் கையெழுத்து வைப்பதற்காக ஆவணி மாதம் நான் தனியாகப் புறப்பட்டேன். வவுனியாவில் பிறந்து இருபத்திரண்டு வயதில் நாட்டை விட்டுப் போன எனக்குத் திருகோணமலை ஒரு வெளியூர்தான். அதற்கு முன் ஒருநாளும் அங்கே போனதில்லை.

ஆனால் அரை வருடத்துக்கு முன்பே ஒரு கையெழுத்து வைத்திருந்தேன். அற்றோணித் தத்துவம் என்று சொல்வார்கள். காணி விசயத்தில் எனக்குப் பதிலாக ரமணன் எல்லாம் செய்யலாம் என்று அதிகாரம் கொடுக்கும் பத்திரம். எங்கெங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று அவரே பென்சிலால் புள்ளடி போட்டு அனுப்பியிருந்தார். புள்ளடி இருந்த இடத்திலெல்லாம் வைத்தேன். வாசிக்கவில்லை. இதையும் மறைக்கப் போவதில்லை.

முதல் நாள் காலை ரமணன் குளிரூட்டிய வான் ஒன்றோடு பஸ் நிலையத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிமான்கள் நின்றன. அதில் ஒன்று என் கைப்பையின் வாரை வாயில் கவ்வி இழுத்தது. நான் அலறினேன். சுற்றி நின்ற ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஊரில் மான் என்றால் காகம் மாதிரி போலிருக்கிறது.

"வாங்கோ அண்ணி, முதல்ல சாப்பிடுவம்," என்றார் ரமணன்.

இடியப்பம், மீன் போட்ட சொதி, இடித்த சம்பல். அந்தச் சம்பலுக்காக அவருடைய முதல் இரண்டு பொய்களையும் மன்னித்திருப்பேன். முதலாவது பொய் கை கழுவும்போதே வந்தது. "இண்டைக்குக் காணிக்குப் போக வேண்டாம் அண்ணி. களைச்சுப்போய் வந்திருக்கிறியள். நாளைக்கு ஆறுதலாப் போவம்."

காணிக்குப் பதிலாக என்னை நிலாவெளிக்குக் கூட்டிப்போனார். வழி நெடுக ஹோட்டல்கள். ஒவ்வொன்றையும் காட்டி, "இன்னும் அஞ்சு வருசத்தில உங்கட பக்கமும் இப்பிடித்தான்," என்றார். கடலில் கால் நனைக்க ஆசையாக இருந்தது. இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு ஒழுங்கையும், அதன் முடிவில் நீலமும் தெரிந்தன. இறங்கி நடந்தேன். ஒழுங்கையின் நடுவில் ஒரு காவலாளி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்களா என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அடுத்த பாதையால் போங்கள் என்றார். அடுத்த பாதை ஒரு கிலோமீற்றர் தள்ளி இருந்தது.

டென்மார்க்கில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை இருக்கிறது. பெரிய பணக்காரர்களின் வீடுகள் வரிசையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் கணவரும் அந்த வீடுகளின் முன்னால், தண்ணீர் ஓரமாக, அவர்கள் கோப்பி குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நடந்து போவோம். ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அங்கே கரை எல்லாருக்கும் பொது, சட்டமே அப்படி. பிறந்த நாட்டில் எனக்குக் கடலுக்குப் போக அனுமதி இல்லை. வானில் திரும்பும் வழி முழுக்க ரமணனிடம் இதைச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் சிரித்தார். "உங்கட காணியில நீங்கள் ராணி அண்ணி. உங்களை ஆர் மறிக்கிறது?"

இரண்டாம் நாள் வான் கராஜில் என்றார். சரி, பிளானையாவது கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். நில அளவையாளர் வரைந்த பழைய பிளானின் நகல். காணியின் நடுவே, றோட்டிலிருந்து களப்பு வரைக்கும், ஒரு புள்ளிக்கோடு போனது.

"இது என்ன?"

"அது தண்ணிக் குழாய் போற லைன் அண்ணி."

குழாய்த் தண்ணீர் களப்புக்குள் எதற்குப் போகிறது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மத்தியானம் கணவாய்க் கறியோடு சோறு வந்தது. சாப்பிட்டேன். பின்னேரம் துறைமுகத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார். மலைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. உண்மையிலேயே அழகு. நான் பார்க்க வந்ததோ அதற்கு அப்பால் இருந்தது. நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன். நாளைக்குக் காணிச் சொந்தக்காரர் ஊரில் இல்லை என்றார். காணியைப் பார்ப்பதற்கு அவர் எதற்கு என்று கேட்டேன். "சனிக்கிழமை கட்டாயம்," என்றார். அன்று புதன்கிழமை.

மூன்றாம் நாள் அவருக்குச் சொல்லாமல் மூதூர் பஸ்ஸில் ஏறினேன்.

தனியார் பஸ். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று முகத்தில் அடித்தது. மூன்று நாளில் முதல் தடவையாக மனம் கொஞ்சம் இளகியது. அது பாலம் முடியும் வரைதான். கிண்ணியாவில் அரசாங்க பஸ் ஒன்று பின்னால் வந்து குறுக்கே நின்றது. இரண்டு கண்டக்டர்களும் இறங்கிச் சண்டை பிடித்தார்கள். ஒருவர் நேரத்துக்கு முன்னால் எடுத்துவிட்டாராம். மற்றவர் நேரம் பிந்தி வந்தாராம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு எல்லாரும் இறங்கிப் பக்கத்துக் கடையில் தயிர் வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே கித்துள் மரத்துத் தித்திப்புப் பாணி. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "இது ஒவ்வொரு வியாழனும் நடக்கும் மகள். தயிர்க்காரர்தான் ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுக்கிறாரோ தெரியா," என்றார். முக்கால் மணி நேரம் போனது.

மூதூரில் இறங்கியபோது நான் பிடிக்க வேண்டிய அடுத்த பஸ் போய்விட்டிருந்தது. ஒரு ஓட்டோவைப் பிடித்தேன். ஓட்டியவர் நசீர், மூதூர்க்காரர், முப்பது வயது இருக்கும்.

"இலங்கைத்துறையா? அங்க ஆர்ட ஊட்டுக்கு அக்கா?"

"ஒரு காணி பார்க்கப் போறன்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எந்தக் காணி? கம்பி அடிச்சிரிக்கிற காணியா?"

நான் வீடியோவில் பார்த்த காணியில் கம்பி இல்லை. தெரியாது என்றேன். வழியில் கட்டைபறிச்சானில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினார். தானும் குடித்துவிட்டு என்னுடையதற்கும் தானே காசு கொடுத்தார். வயல், பற்றை, பனை, மறுபடி பற்றை. றோட்டு இடையிடையே மணலாக மாறியது. ஒரு திருப்பத்தில் சக்கரம் புதைந்து, இருவரும் இறங்கித் தள்ளினோம். என் செருப்பின் வார் அறுந்தது.

காணியைத் தென்னைகளால்தான் அடையாளம் கண்டேன். சுற்றிவர கொங்கிறீற்றுத் தூண்கள். முள்ளுக்கம்பி நான்கு நிரை. றோட்டுப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை, மஞ்சளில் கறுப்பு எழுத்து: "இக்காணி டென்மார்க் வசந்தமாலாவுக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைவோர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்."

என் பெயர் வசந்தமலர்.

காணி உறுதி இன்னும் எழுதவில்லை. கொடுத்தது முற்பணம் மட்டும். நான் கால் வைக்காத மண்ணில், என்னிடம் கேட்காமல், பிழையான எழுத்தில் என்னைக் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போது களப்புப் பக்கமாகப் பெண்கள் சிலர் வருவது தெரிந்தது. இடுப்புக்குக் கீழே நனைந்த உடுப்பு, தலையில் கூடைகள். வேலிக்கு வெளியே, கருவேல முட்பற்றைக்குள்ளால், ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். வேலிக்கு உள்ளே, அவர்களுடைய வலது கைப் பக்கம், மணலில் நன்றாக மிதிபட்ட ஒரு பாதை நேராகத் தண்ணீருக்குப் போனது. பிளானில் புள்ளிக்கோடு போட்டிருந்த அதே இடம்.

முன்னால் வந்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் தங்கேஸ்வரி என்று பிறகு தெரிந்தது. கூடையில் இறால். களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்களாம்.

"காணி பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "இது வித்துப்போட்டாங்க. வெளிநாட்டில ஒருத்தி, வசந்தமாலாவாம். அவ இஞ்ச ஒரு நாளும் கால் வைக்கல்ல. ஆனா எங்கட கால் பட்டா அவவுக்கு ஏலாதாம்."

நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"விடிய அஞ்சு மணிக்கு இறங்கிற நாங்க," என்றார். "இந்தத் துறையால இறங்கினா பத்து எட்டு வச்சாப் போதும். இப்ப அந்த முனையச் சுத்திப் போகணும். போக முக்கா மணித்தியாலம், வர முக்கா மணித்தியாலம். வந்து சேரக்குள்ள இறால் வாங்குறவன் ஐஸ் பெட்டிய மூடிக்குப் போயிருவான். கனகக்கா ஒரு நாள் கம்பிக்குக் கீழால பூந்து வந்தா. முதுகு கிழிஞ்சு ஆறு தையல்."

பின்னால் நின்ற ஒருவர், வயதானவர், சட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். தையல் ஆறி வடுவாகியிருந்தது.

"இதக் கூடப் பொறுக்கலாம்," என்றார் தங்கேஸ்வரி. "நாங்க தேங்கா களவெடுக்க வாறமெண்டு அவ பொலிசில எழுதிக் குடுத்திரிக்கா. பன்னிரண்டு பேர்ட பேரும் போட்டு. நாளைக்கு விசாரணை. இனி இந்தப் பக்கம் வர மாட்டமெண்டு கையெழுத்து வைக்கட்டாம். என்ட மகள் கேக்கிறாள், அம்மா நீங்க கள்ளியாண்டு. அந்த வசந்தமாலா என்ட கண்ணுக்கு முன்னால வரட்டும், அவட முகத்தில இந்தச் சேத்த..."

நசீர் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எப்போதோ விளங்கிவிட்டது.

"அது நான்தான்," என்றேன்.

தங்கேஸ்வரி என் அறுந்த செருப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கையில் சேறு இருந்தது. எறியவில்லை. எறிந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்ப நீங்கதானா எங்களக் கள்ளியெண்டது?"

"நான் முறைப்பாடு குடுக்கேல்லை. எனக்கு இது ஒண்டும் தெரியாது."

"உங்கட பேர்தானே போட்டிரிக்கு."

"ஓம். என்ர பேர்தான்."

"அப்ப தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தலையில் தூக்கி வைத்தார். எல்லாரும் நடந்தார்கள்.

திரும்பும் வழியில் ஓட்டோவுக்குள் இருந்தபடியே என் கணவரை அழைத்தேன். கேட்டால் அவரும் கொதிப்பார், இருவரும் சேர்ந்து ரமணனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நான் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனேன். வேலி, பலகை, பொலிஸ்.

"அது எனக்குத் தெரியும் வசந்தா," என்றார். "ரமணன் கேட்டவன். நான்தான் போடச் சொன்னனான்."

"பொலிசுக்கும்?"

"இப்ப விட்டமெண்டால் பிறகு அது அவையின்ர பாதையாப் போயிடும்."

"அது இப்பவும் அவையின்ர பாதைதான். பிளானில கிடக்கு."

"உனக்குச் சொன்னால் குழம்புவாய் எண்டுதான் சொல்லேல்லை."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு வோஷிங் மெஷின் வாங்குவதென்றாலும் ஐந்து கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கருத்துக் கேட்கிற மனிதர். பன்னிரண்டு பெண்களை என் பெயரில் கள்ளிகள் ஆக்குவதற்கு மட்டும் என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. ரமணன் மேல் இருந்த கோபம் எனக்குப் பழகிய கோபம். அதைத் திட்டித் தீர்க்கலாம். இது வேறு. அழைப்பைத் துண்டித்தேன். மூதூரில் இறங்கும்போது நசீர், "நாளைக்குப் பொலிசுக்குப் போறதெண்டா விடியவே வாறன் அக்கா," என்றார். அன்று இரவு மூதூரிலேயே ஒரு அறையில் தங்கினேன். பராட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல மணம். தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பொலிஸ் நிலையத்து வராந்தாவில் பன்னிரண்டு பேரும் நீள மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்குக் களப்பில் இறங்கவில்லை. காய்ந்த, மடிப்புக் குலையாத உடுப்பு. கோயிலுக்குக் கட்டும் சேலையைச் சிலர் கட்டி வந்திருந்தார்கள். ரமணன் எதிர்ப்பக்கக் கதிரையில் ஒரு கோப்போடு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"அண்ணி, நீங்கள் இஞ்ச வரத் தேவையில்லை. இதெல்லாம் நான் பாப்பன்."

"நான்தானே முறைப்பாட்டுக்காரி," என்றேன்.

பொறுப்பதிகாரி சிங்களவர். தமிழ் தெரிந்த ஒரு பெண் கொன்ஸ்டபிள் மொழிபெயர்த்தார். முறைப்பாட்டுக்காரர் யார் என்று அதிகாரி கேட்டார். ரமணன் வாயைத் திறக்குமுன் என் கடவுச்சீட்டை மேசையில் வைத்தேன். அவர் படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, கோப்பிலிருந்த பெயரையும் பார்த்தார். இரண்டு பெயரும் ஒன்றல்லவே என்றார்.

"என்ர பேரைக்கூடச் சரியா எழுதத் தெரியாத ஆள்தான் எனக்காக இதை எழுதினது," என்றேன். "இந்தப் பெண்களை நான் நேற்றுத்தான் முதல் கண்டது. அவை தேங்காய் களவெடுத்ததா எனக்குத் தெரியாது. அங்க நிக்கிற தென்னையளில காயே இல்லை."

கொன்ஸ்டபிள் கடைசி வசனத்தை மொழிபெயர்க்கும்போது சிரிப்பை அடக்கினார். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை. அப்படியானால் இந்த அதிகாரப் பத்திரத்தில் ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்டார்.

"வாசிக்காமல் வைச்சனான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். கொன்ஸ்டபிள் என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார். "வெளிநாட்டிலயிருந்து வாற எல்லாரும் இதத்தான் சொல்லுறாங்களாம் மெடம். வாசிக்கலண்டு. வாசிக்காத ஆக்களாலதான் தனக்கு அரைவாசி வேலையாம்."

அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருந்தது.

முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று என் கையால் எழுதித் தரச் சொன்னார். தமிழில் ஒரு பக்கம் தொடர்ந்து எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. 'முறைப்பாடு' என்ற சொல்லில் வருவது ரகரமா றகரமா என்று ஒரு கணம் மறந்து நின்றேன். பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ரமணனுக்குக் கொடுத்த அதிகாரத்தையும் ரத்துச் செய்யப் போகிறேன் என்று கடைசியில் சேர்த்திருந்தேன். அதை வாசிக்கும்போது அவர் எழும்பி வெளியே போனார்.

வாசலில் என்னை மறித்தார். "உங்களுக்கு வெயில் பட்டிட்டுது அண்ணி. நான் உங்களுக்காகத்தானே எல்லாம் செய்தனான். இவை நாளைக்கு உங்கட பேரையும் மறந்திடுவினம்."

"மறந்தால் எனக்கு நல்லது," என்றேன். "காணி வேண்டாம். முற்பணத்தை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ. இனி என்ர பேரை எங்கயும் எழுதாதேங்கோ, சரியாவும் எழுதாதேங்கோ, பிழையாவும் எழுதாதேங்கோ."

நசீரிடம் குறடு இருக்கிறதா என்று கேட்டேன். சீற்றுக்கு அடியிலிருந்து எடுத்தார். இலங்கைத்துறைக்குத் திரும்பப் போனோம். வேலி என் பெயரில் நிற்கிறதென்றால் அதை வெட்டுகிற உரிமையும் எனக்குத்தான். பாதை வேலியைச் சந்திக்கும் இரண்டு இடத்திலும் நான்கு நிரைக் கம்பியையும் வெட்டினோம். கம்பி இறுக்கமாக இருந்தது. வெட்டியதும் சுருண்டு வந்து என் முழங்கையைக் கீறியது. பலகையை நசீர் கழற்றினார்.

பெண்கள் பஸ்ஸில் வந்து சேரும்போது வேலை முடிந்துவிட்டது. ஒருவரும் கை தட்டவில்லை. நன்றி சொல்லவில்லை. கனகக்கா மட்டும் வெட்டிய இடைவெளிக்குள்ளால் நடந்து தண்ணீர் வரைக்கும் போய், நின்று, திரும்பி வந்தார். தங்கேஸ்வரி என் முழங்கையைப் பார்த்துவிட்டுத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

"இப்ப காணிய வாங்கிறீங்களா?"

"இல்லை. வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது உடனே தெரிந்தது. "ஏன் சொன்னீங்க? நீங்க வாங்கினா வழிய விட்டிருப்பீங்க. இனி வேற ஒரு ஆள் வாங்கும். அந்த ஆளுக்கு நாங்க முதல்லயிருந்து சொல்லணும்."

காணி வேண்டாம் என்று சொன்ன நேரத்தில் பெரிய நியாயம் செய்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அது அவர்களுக்காகச் சொன்னதல்ல. ரமணனுக்கும் என் கணவருக்கும் உறைக்கட்டும் என்று சொன்னது. அவ்வளவு கோபத்திலும் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கும் தோன்றவில்லை. என் கணவரைப் போலத்தான்.

அன்று தங்கேஸ்வரி வீட்டில் பிட்டும் இறால் பொரியலும் தந்தார். குசினியில் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவருடைய மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். என் கைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். மறுநாள் திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் போய் அற்றோணித் தத்துவத்தை ரத்துச் செய்யும் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன். வைக்குமுன் இரண்டு தரம் வாசித்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று மூன்றாம் தரமும் வாசித்தேன்.

டென்மார்க்கில் என் கணவர் ரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். முதுகு வலியோடு என் பெட்டியைத் தூக்க வந்தார். நான் கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு இரண்டு மாதம் கழித்துத்தான் ஒழுங்காக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகத்தான் கடற்கரையில் நடந்தேன். ஒரு நாள் அவர் பின்னால் வந்து, கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு, "நான் கேட்டிருக்க வேணும்," என்றார். ஓம் என்றேன். அந்த விசயம் அவ்வளவில் முடிந்தது. தீரவில்லை.

தை மாதம் தங்கேஸ்வரியின் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே தென்னைகள். புதுக்கம்பி, இந்தமுறை ஐந்து நிரை. புதுப் பலகை, அதில் லண்டன் என்று போட்டு ஒரு ஆணின் பெயர். அவளுடைய குரல் பதிவும் கூட வந்தது. "அன்ரி, அம்மா ஆக்கள் திரும்பச் சுத்தித்தான் போறாங்க. மழைக்கு அந்த முனையில தண்ணி இரிக்கு, நெஞ்சு வரைக்கும்."

லண்டனில் ஒரு தமிழரைக் கண்டுபிடிக்க மூன்று அழைப்புப் போதும். மூன்றாவது அழைப்பில் அவருடைய இலக்கம் கிடைத்தது. மரியாதையான குரல். "சொல்லுங்கோ அக்கா," என்றார். எல்லாம் சொன்னேன். பாதை, பிளானில் உள்ள புள்ளிக்கோடு, கனகக்காவின் தையல், பொலிஸ் நிலையம், மழைத் தண்ணீர். ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டார். நல்ல மனிதர், விளங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். காணியைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். வீடியோவில் பார்த்தாராம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு,

"அக்கா, நீங்கள் என்ன விலைக்குக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டார். "என்னட்டைக் கூடுதலாக் காசு எடுத்துப்போட்டாங்கள் போல கிடக்கு."

நான் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் குடித்தேன். அதன் பிறகு தங்கேஸ்வரியை அழைத்து, நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அந்த ஆள்ட நம்பர் இரிக்கா?"

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். மகள் எழுதினாள். தங்கேஸ்வரி அதை வாங்கித் திரும்ப வாசித்துக் காட்டினார். ஒரு இலக்கம் மாறியிருந்தது, திருத்தினேன்.

"நாங்க விடிய அஞ்சு மணிக்கு முனையச் சுத்தி நடக்கக்குள்ள லண்டன்ல எத்தின மணி?"

கணக்குப் பார்த்தேன். "இரவு பதினொன்றரை. மனுசன் படுத்திருப்பார்."

"நல்லம்," என்றார் தங்கேஸ்வரி. "ஆளுக்கொரு நாள் அந்த ஆளுக்குக் கோல் எடுக்கிறம். முக்கா மணித்தியாலம் இரிக்குதானே, நடந்து போகும் வரைக்கும் கதைக்கலாம்."